ரெட்டைக்குழாய் வண்டியின் இருமல்

போன வாரம் என் அக்கா மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய மோட்டார் சைக்கிள். பெங்களூரில் யாரோ அதைத் தேய்த்துக் கழுவி, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தி வைத்து விற்கிறார்களாம். “மாமா, பக்கா ஒரிஜினல். வாங்கலாமா?” என்று கேட்டிருந்தான். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “கலரே தப்புடா” என்று பதில் போட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றான். எப்படித் தெரியும் என்று நாலு வரி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு முடித்துவிட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நேராகப் போகத் தெரியாத ஆள் நான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரக வண்டியின் நிஜமான நிறம் எனக்குத் தெரிந்தது ஒரு குங்குமப் பொட்டின் தயவால். அப்போது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் நைனா வண்டி ஸ்டாண்டு வைத்திருந்தார். தகரக் கொட்டகை, மண் தரை, வாசலில் ஒரு ஆடுகிற மேஜை. சுற்று வட்டாரத்துக்காரர்கள் சைக்கிளையும் மொபெட்டையும் விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள், சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். சிலர் மட்டும் எடுக்கவே வர மாட்டார்கள். எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். கோயிலுக்கு என்று வருவார்கள், மலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அப்புறம் வேட்டியைக் காவியில் நனைத்துக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளையையே மறந்தவர்களுக்கு வண்டியா ஞாபகம் இருக்கப் போகிறது? அப்படி நின்றுபோன வண்டிகளைக் கொட்டகையின் கடைசியில் சுவரோரமாக ஒதுக்கியிருந்தோம். நைனா அதற்கு வைத்த பேர் சந்நியாசி வரிசை.

நைனாவிடம் ஒரு சட்டம் இருந்தது. விட்டவன் வந்து கேட்டால்தான் வண்டி. அண்ணன் வந்தாலும் சரி, மாமியார் வந்தாலும் சரி, கிடையாது. “நம்மள நம்பி வுட்டுட்டுப் போயிருக்கான். நாளைக்கே காவி போதும்னு எழுந்து வந்தா, நான் அவனுக்கு இன்னா பதில் சொல்றது?” என்பார். இவ்வளவு பேசுகிற மனுஷர் அந்த வண்டிகளைக் கவனிப்பாரா என்றால், அதுதான் இல்லை. மழை ஒழுகும், எலி குடித்தனம் நடத்தும், டயர் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எட்டிப் பார்க்க மாட்டார். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, கொட்டகையில் இருக்கிற எல்லா வண்டிகளோடும் சேர்த்து அந்த வரிசைக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பார். பழைய பொட்டைத் துடைக்கிற வேலையெல்லாம் கிடையாது. போன வருஷத்துப் பொட்டின் மேல் இந்த வருஷத்துப் பொட்டு.

அந்த வரிசையில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிள் ரெட்டைக்குழாய் வண்டி. கம்பெனிப் பேர் வேறு, ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் ரெண்டு, அதனால் ரெட்டைக்குழாய். உதைக்கிற கம்பியே கியர் கம்பி. உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர், முன்னால் தள்ளிவிட்டால் கியர். பள்ளிக்கூடம் படிக்கும்போது அதைப் பார்த்துப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். எங்களுக்குத் தனி ஜில்லா பிரித்துக் கொடுத்தார்களே எண்பத்தொன்பதில், அந்த வருஷம் ஒரு சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் கடலை மண்டிக்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். “கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று நைனாவிடம் சொன்னாராம். அவர் பெயர் ஏழுமலை. கோயிலுக்குப் போனார், அதோடு சரி.

ஏழு வருஷம் கழித்து, ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், ஒரு அம்மா வந்து மேஜை முன்னால் நின்றார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் பை, கழுத்தில் தாலிக் கயிறு, குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. “நான் ஏழுமலை சம்சாரம். பச்சையம்மா. வண்டியப் பாக்கணும்” என்றார்கள். நைனா உடனே சட்டப் புத்தகத்தைத் திறந்தார். வண்டி தர முடியாது, அவரையே வரச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்ததும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

“வண்டிய யாரு கேட்டாண்ணா? இங்கியே இருக்கட்டும். ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க, அது போதும்.”

அப்புறம் விஷயத்தைச் சொன்னார்கள். மகளுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பன்காரன் வேண்டும். அப்பன்காரனோ கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் மௌனச் சாமியாராக உட்கார்ந்திருக்கிறார். முதல் ரெண்டு வருஷம் இவர்கள் போய் அழுதிருக்கிறார்கள், காலைப் பிடித்திருக்கிறார்கள், பெண்ணை மடியில் உட்கார வைத்தும் பார்த்திருக்கிறார்கள். பேச மாட்டார். ஆள் வருகிறது என்று தெரிந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். ஊர்ப் பெரியவர்கள் வேன் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததுதான் மிச்சம்.

“வாய மூடிக்கிட்டாரு. கண்ண மூடிக்கிட்டாரு. காத இன்னா பண்ணுவாரு? காதுக்கு மூடி கிடையாதில்ல? இந்த வண்டி சத்தம் ஒரே ஒரு தடவ அவரு காதுல வுழுந்தா எழுந்து வந்துடுவாரு. பொண்டாட்டி சத்தம் கேட்டு வராத ஆம்பள வண்டி சத்தம் கேட்டு வருவான். எனக்குத் தெரியும்.”

ரிப்பேர் செய்யக் கூடாது என்று அவர் சட்டத்தில் எங்கேயும் இல்லை. நைனா தாடையைச் சொரிந்தார். பிறகு என்னைக் கை காட்டி, “இவன் ஐ.டி.ஐ. படிச்சிட்டுச் சொம்மாதான் இருக்கான்” என்றார். என் மானம் கப்பலேறியது. உண்மைதான், மோட்டார் மெக்கானிக் சர்ட்டிபிகேட் என்னிடம் இருந்தது. எம்ப்ளாய்மென்ட் எக்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். ஆனால் கையில் ஸ்பேனர் பிடித்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு நிமிஷம் யோசிக்கிற ஜாதி நான். அதனால் பஸ் டெப்போவில் இன்ஜின் வேலை பார்த்த முருகேசன் அண்ணனைக் கூட்டி வந்தேன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது வண்டி இல்லடா, எலும்புக்கூடு. இதுக்கு மெக்கானிக் எதுக்கு, நாலு பேரு வந்தா தூக்கிட்டுப் போலாம்” என்றார். சொல்லிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

வலப்பக்கக் குழாயிலிருந்து ஒரு எலிக் குடும்பத்தைக் காலி செய்தோம். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய் ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறியது. தினமும் காலையில் போய் ஒரு கட்டையை வைத்து லேசாகத் தட்டிப் பார்ப்பேன், அசையாது. எட்டாம் நாள் ‘ப்ளக்’கென்று கீழே இறங்கியபோது, பாஸாகிவிட்ட பையன் மாதிரி கொட்டகை முழுக்க ஓடினேன். டேங்குக்குள் துரு மட்டும் ரெண்டு கை அள்ளலாம். ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு, ரெண்டு பேரும் எதிரெதிரே நின்று குலுக்கு குலுக்கென்று குலுக்கினோம். மறுநாள் சோற்றுக்குக் கை எழவில்லை. சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து போர் போட வேலூருக்கு எடுத்துப் போனேன். கிடைக்காத சாமானுக்கு மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். அந்தக் கிரீஸும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் எந்த மெக்கானிக் கடை வாசலில் அடித்தாலும் எனக்கு இருபத்துமூன்று வயதாகிவிடும்.

டேங்கின் வெளிப்பக்கம் முழுக்கத் துரு. என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பச்சையம்மாக்காவைக் கேட்டால் “நல்ல கலருதான்” என்றார்கள், அவ்வளவுதான் ஞாபகம். அப்போதுதான் முருகேசன் அண்ணன் டேங்கின் நெற்றியில் இருந்த சந்தன வில்லையைச் சுரண்டினார். ஏழு வருஷத்துப் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, தோசைக் கனத்துக்கு இருந்தது. அது பெயர்ந்து விழுந்ததும் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்ட் அப்படியே புதுசாக இருந்தது. பீட்ரூட் வேக வைத்த தண்ணியின் நிறம். நாங்கள் ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நைனா பின்னால் வந்து எட்டிப் பார்த்து, “பாத்தியா, நான் ஒண்ணும் கவனிக்கிறதில்லன்னு சொல்வியே” என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் கரைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பியது. மூன்றாவது உதையில். முருகேசன் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நிஜமாகவே இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடியது. பச்சையம்மாக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்று கேட்டார்கள். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

“இது அவரு வண்டி இல்லியே.”

“யம்மா, நீங்க சொன்ன வண்டிதாம்மா இது!”

“வண்டி அதுதான். சத்தம் அது இல்ல. ரிப்பேர் பண்ணியே கெடுத்துட்டீங்களே.”

முருகேசன் அண்ணனுக்கு வந்ததே கோபம். “இருவத்திரெண்டு வருசமா இன்ஜின் எறக்கி ஏத்தறேன். சத்தம் வருது, கம்மி பண்ணுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. சத்தம் பத்தலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்” என்று ஸ்பேனரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அந்த அம்மா அசரவில்லை. என்னிடம் பொறுமையாக விளக்கினார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் மண்டியை மூடிவிட்டு வருவார். ஏரிக்கரைத் திருப்பத்தில் சத்தம் கேட்கும். கேட்டதும் இவர்கள் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். வண்டி வாசலில் நிற்கும்போது டீ தயாராக இருக்கும். பதினாறு வருஷம் அப்படி. “தடதடன்னு வரும். கூடவே தட்டு ஆடற மாதிரி ஒரு கிணுகிணு. ஆக்ஸிலேட்டர வுட்டாருன்னா ரெண்டு தடவ இருமும். நெஞ்சுல சளி கட்டின மாதிரி. அந்த இருமல் எங்க போச்சு?”

இருமல் எங்கே போயிருக்கும்? நாங்கள்தான் வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டோமே. இடப்பக்கக் குழாயின் அடியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. முருகேசன் அண்ணன் அழகாக வெல்டிங் வைத்து அடைத்திருந்தார். செயின் மூடியில் ஒரு போல்ட் இல்லாமல் இருந்தது. புதுசு வாங்கி நான்தான் முடுக்கினேன். இப்போது அதையெல்லாம் திரும்பக் கெடுக்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள், வண்டியைச் சரி செய்ததைவிடச் சரியாகக் கெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முருகேசன் அண்ணன் வாயெல்லாம் வசவோடு டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டை சின்னதாக இருந்தால் விசில் அடித்தது, பெரிதானால் குரைத்தது. போல்ட்டை முழுதும் கழற்றினால் மூடி அலறியது. ஒரே ஒரு சுற்று மரையில் தொங்கும்படி நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா முதுகைக் காட்டி நிற்பார்கள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். ஆறாம் நாள் நான் ஆக்ஸிலேட்டரை விட்டேன், வண்டி ரெண்டு தடவை இருமியது. அவர்கள் திரும்பவேயில்லை. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். முருகேசன் அண்ணன் சட்டென்று கீழே குனிந்து, இல்லாத ஒரு ஆணியைத் தேட ஆரம்பித்தார்.

போர் போட்ட இன்ஜினைக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். “ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதத் தாண்டினே, கைய ஒடிச்சிடுவேன்” என்று முருகேசன் அண்ணன் உத்தரவு. எங்கள் ஊரில் அதற்கு வேறு எங்கே போவது? மலையைச் சுற்றினால் பதினாலு கிலோமீட்டர். அது பச்சையம்மாக்காவுக்கும் தோது. வண்டி வெளியே போனால் ஸ்டாண்டு ஆள்தான் ஓட்ட வேண்டும் என்று நைனா ஒரு புதுச் சட்டம் போட்டார். ஆக, மார்கழி மாசம் பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் முன்னால், பச்சையம்மாக்கா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மஞ்சள் பையில் கல்யாணப் பத்திரிகை. அக்னி லிங்கம், யம லிங்கம், நிருதி லிங்கம் என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போவோம். எல்லா நாளும் வலது கைப்பக்கமே வளைந்து வளைந்து, வண்டிக்கு இடது பக்கம் திரும்பவே மறந்துபோயிருக்கும்.

அந்தப் பாதை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? பௌர்ணமி தவிர மற்ற நாளில் ஆளே இருக்காது. ரெண்டு பக்கமும் மரம். எதிரே ஒரு மாட்டு வண்டி, ஒரு சைக்கிள், எங்கேயோ ஒரு மயில் சத்தம். எங்கள் வண்டி வருவது அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மரத்தடிச் சாமியார்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். முதல் நாள் அந்தப் புளியமரம் நெருங்கியதும் நான் பிரேக்கைத் தொட்டேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. “நிக்காத தம்பி. ஓட்டு. கெஞ்சறதெல்லாம் கெஞ்சி முடிச்சிட்டேன். இது போற வண்டி, அவ்ளோதான்.” நான் ஆக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி இருமியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். தாடி மார்பு வரைக்கும், கண் மூடியிருந்தது, ஒரு அசைவும் இல்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பதினைந்து நாள் அந்த மனுஷர் கல்லாகத்தான் இருந்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது, வெளியே சொல்லவில்லை. பச்சையம்மாக்காவுக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் நிருதி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலே கண்டென்சர் போய்விட்டது. இன்ஜின் ரெண்டு உதறு உதறி நின்றது. எவ்வளவு உதைத்தும் பலனில்லை. திரும்பித் தள்ளினால் ஊர் பக்கம்தான், ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். நான் வண்டியைத் திருப்பினேன். பச்சையம்மாக்கா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்கள். “பாதியில திரும்பக் கூடாது தம்பி. மலைய வலம் வந்தா முழுசா வரணும். அப்பிரதட்சணமாப் போய் நின்னா என் பொண்ணு கல்யாணம் நடக்குமா?” அந்த வார்த்தையோடு எந்த ஊர்க்காரன் வாதாடுவான்? சொல்லப்போனால் எனக்குமே திரும்ப மனசில்லை. இருந்தும் வயிற்றெரிச்சல். கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர், நான் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, அவர்கள் கேரியரில் கை வைத்துத் தள்ள, வலமாகவே போனோம். எதிரே வந்த ஒருத்தன் “இன்னா சாமி, வண்டிக்கும் பாத யாத்திரையா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அடி அண்ணாமலையைத் தாண்டும்போது ஆறு மணி இருக்கும், வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டியில் சத்தம் இல்லை. எங்கள் மூச்சுச் சத்தம்தான். புளியமரத்துக்குப் பக்கத்தில் பாதை லேசாக வளையும். வளைந்து திரும்பினால், மரத்தடியில் அவர் இல்லை. மரத்தைவிட்டு எழுந்து ரோட்டோரமாக வந்து நின்றிருந்தார். கண் திறந்திருந்தது. கழுத்தை நீட்டி, வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் பத்தடி பக்கத்தில் வந்து நிற்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்ணும் பச்சையம்மாக்கா கண்ணும் சந்தித்தன. அடுத்த கணம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், நின்ற இடத்திலேயே.

பச்சையம்மாக்கா மறுபடி கேரியரில் கை வைத்தார்கள். “தள்ளு” என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். தள்ளினோம். குபேர லிங்கம் வந்ததும் பச்சையம்மாக்கா அங்கே ஒரு மைல் கல்லில் உட்கார்ந்தார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. “பாத்தியா தம்பி? லேட்டாச்சேன்னு வழி பாத்துக்கினு நின்னாரு. என்னத்துக்குக் காவி, என்னத்துக்குத் தாடி? லேட்டாச்சேன்னு எட்டிப் பாக்கறாரு!” என்று தொடையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் சொந்த அக்காளுக்கு நல்லது நடந்த மாதிரி இருந்தது.

மறுநாள் கண்டென்சரை மாற்றிக்கொண்டு சரியாக நாலரைக்குக் கிளம்பினோம். அன்றைக்கு முதல் முறையாக, “மரத்துக்கிட்ட நிறுத்து” என்றார்கள். பத்திரிகையைக் கையிலேயே வைத்திருந்தார்கள். நிறுத்தினேன். மரத்தடி காலி. கீழே விரித்திருந்த சாக்கு இல்லை, தண்ணிச் செம்பு இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு சாமியார், விடியற்காலையிலேயே எழுந்து போய்விட்டதாகவும் எங்கே என்று தெரியாது என்றும் சொன்னார். வழி பார்த்ததைப் பார்த்துவிட்டோம் என்பதுதான் காரணம், வேறென்ன? அந்த கண்டென்சர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு நாளில் தானாக எழுந்து வந்திருப்பார் என்று நான் புலம்பினேன். பச்சையம்மாக்கா என்னைத் தேற்றினார்கள், பாருங்கள். பத்திரிகையை மரத்தின் வேரிடுக்கில் செருகி வைத்துவிட்டு, “கேட்டுச்சுல்ல தம்பி, அது போதும். வர்றவரு கல்யாணத்துக்கு வருவாரு” என்றார்கள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தை மாசம் கீழ்பென்னாத்தூரில் கல்யாணம். எங்களையும் அழைத்திருந்தார்கள். நைனா பஸ்ஸில் போகலாம் என்றார். நான்தான் பெரிய புத்திசாலி, பச்சையம்மாக்கா பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று ரெட்டைக்குழாயை எடுத்தேன். நைனா கூட மறுக்கவில்லை. மண்டபத்தை நெருங்கும்போது மேளம் நின்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தெருவே அமைதியாக இருந்தது. வாசலில் வந்து ஆக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி ரெண்டு தடவை இருமியது.

உள்ளேயிருந்து பச்சையம்மாக்கா ஓடி வந்தார்கள். பட்டுப் புடவை தடுக்க, கையில் ஈர மஞ்சளோடு, வாசல் வரைக்கும் ஓடி வந்து நின்றார்கள். வண்டியைப் பார்த்தார்கள். அப்புறம் அதன் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். அந்த முகம் மாறியதை நான் சொல்ல மாட்டேன். ஒரு நொடிதான். “நீயா தம்பி” என்றார்கள். உடனே, “வா வா, டிபன் சாப்ட்டியா?” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு நாள் பாடுபட்டுச் சரியாகக் கெடுத்து வைத்த சத்தம். அதை எங்கே போய் அடித்தேன் பாருங்கள்! பெண்ணை அவளுடைய சித்தப்பாதான் தாரை வார்த்தார்.

கல்யாணம் முடிந்து பச்சையம்மாக்கா மகளோடு ஓசூருக்கே போய்விட்டார்கள். எனக்கும் வேங்கிக்காலில் ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை கிடைத்தது. நிற்கிற வண்டி கெட்டுவிடும் என்று நைனா அனுமதி கொடுத்ததால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ரெட்டைக்குழாயை மலையைச் சுற்றி ஒரு நடை ஓட்டிக்கொண்டு வருவேன். ஒண்ணரை வருஷம் போயிருக்கும். ஒரு நாள் ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில், சுடுகாட்டு ஓரமாக, ஒரு சாமியார் நடு ரோட்டுக்கு வந்து கையை நீட்டி நிறுத்தினார். இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் அடையாளம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. டேங்க்கைப் பார்த்தார், இடப்பக்கக் குழாயைப் பார்த்தார், பின் சீட்டில் அவர் கண் நின்றது.

“அவ வரலியா?”

அத்தனை வருஷ மௌனத்தில் துருப்பிடித்த குரல். “அவங்க ஓசூர்ல இருக்காங்க. பொண்ணு வூட்டுல. நல்லா இருக்காங்க” என்று உளறினேன். தலையை ஆட்டினார். இன்னும் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரை எங்கேயும் பார்க்கவில்லை.

நானாக இருந்தால் அன்றைக்கே ஓசூருக்கு பஸ் ஏறியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். முகவரி என்னிடம் இருந்தது. கடிதமும் எழுதினேன், தபாலில் போடவில்லை. மறுபடி அந்த அம்மா எழுந்து ஓடி வருவார்களே, வந்து பார்த்தால் இங்கே ஆள் இருக்க மாட்டாரே, கல்யாண மண்டபத்து வாசலில் பார்த்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமே என்று பயம். அடுத்த தீபத்துக்கு வருவார்கள், நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். வரவில்லை. அதற்கடுத்த தீபத்துக்கும் வரவில்லை. பிறகு எனக்குக் கல்யாணம், குழந்தை, ஆபீஸில் பதவி உயர்வு. ரெண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆனபோது ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. அதில் காலமானவர் என்ற இடத்தில் பச்சையம்மாக்காவின் பெயர் இருந்தது. எழுதி வைத்த கடிதம் அப்போதும் என் மேஜை டிராயரில்தான் கிடந்தது.

அந்தப் புளியமரம் ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. பாதை முழுக்க விளக்கு, கடை, ஆட்டோ. எந்த நாளும் கூட்டம், எந்த நேரமும் ஹாரன். ஸ்டாண்டு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. முருகேசன் அண்ணன் ரிட்டையராகி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். நைனா போய்ச் சேர்ந்த பிறகு, விட்டவர்கள் யாரும் வராத அந்த வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஆபீஸில் இருந்தேன், சாயங்காலம் வந்தபோது தரையில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. அரைக் கிலோமீட்டர் தள்ளி வருகிற ஒரு வண்டியை இன்னார் வண்டி என்று தெரிந்துகொண்டு டீக்குத் தண்ணீர் வைக்கிற அமைதியும் எங்கள் பக்கத்தில் இப்போது எந்த ஊரிலும் இல்லை. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்றுதான்.

பச்சையம்மாக்கா, அவரு கேட்டாருக்கா. “அவ வரலியா”ன்னு கேட்டாரு.